சிவப்புப் பூச்சுக்குள் ஒரு தலைமயிர்

மணிக்கூடு திருத்துகிறவர் அந்த விளையாட்டு லொறியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாப்பா பின்னாலிருந்து என் தோளை அழுத்தினார், வாயை மூடு என்று. கன்னத்துக்குக் குளிர்ந்தால் உலோகம், குளிராவிட்டால் பிளாஸ்டிக் என்பது அவருடைய சோதனை. குளிர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் மேசை விளக்கைப் போட்டு, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. கல்முனை பஸாரில் துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலத்தில் அவருடைய கடை இருந்தது. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். அவருக்குப் பின்னாலிருந்த கண்ணாடி அலுமாரியில் மணிக்கூடுகள் இல்லை. மடக்கினால் வாகனமாகவும் நிமிர்த்தினால் மனிதனாகவும் மாறுகிற ரோபோக்கள் ஏழு நின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. விலைக்குக் கேட்டால், உங்கட வீட்டுப் பிள்ளைகள விப்பீங்களா என்று கேட்பார். கலியாணம் கட்டாத மனிதர். பஸாருக்கு அது சிரிக்க ஒரு பகிடி.

நாங்கள் ரோபோவுக்காக அங்கே போகவில்லை. உம்மா அனுப்பிய லொறியின் சில்லுகள் உருளவில்லை, அதைத் திருத்தத்தான் போனோம்.

உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போய் அப்போது ஒன்றரை வருடம். கடிதம் எழுதுவதைவிடக் கசெட்டில் கதைத்து அனுப்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஊருக்கு வருகிற யாருடைய பெட்டியிலாவது ஒரு கசெட் வரும். எங்களிடம் ரெக்கோடர் இல்லை. வாப்பாவுக்கு மூத்த ராத்தாவான மாமி வீட்டில் இருந்தது. கசெட் வந்தது தெரிந்தால் எங்கள் ஒழுங்கையிலுள்ள அத்தனை வீடும் மாமி வீட்டுக்குள் வந்து உட்காரும். உம்மாவுக்கும் அது தெரியும். ஆகவே முதலில் எல்லோருக்கும் ஸலாம்: மாமிக்கு, மாமியின் மருமகளுக்கு, வேலிக்கு அங்காலுள்ளவர்களுக்கு, புதிதாகப் பிள்ளை பெற்றவளுக்கு. கடைசியில் எனக்கு: ஒழுங்காக ஓது, வாப்பாவின் சொல்லைக் கேள். அவ்வளவுதான். பெற்ற பிள்ளையோடு கதைக்கிற கதையா அது? பள்ளிக்கூடத்து அதிபர் கதைப்பது போல இருக்கும்.

இத்தனை பேருக்கு முன்னால் உம்மா எப்படிக் கொஞ்சுவா? அது எனக்கு விளங்கும். விளங்கினாலும் எரியும். உம்மாவின் குரலை நான் ஒருத்தியாக, பக்கத்தில் எவரும் இல்லாமல், காதை வைத்துக் கேட்க வேண்டும். அந்த வயதில் எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வாப்பா கராஜ் ஒன்றில் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். லீவு நாட்களில் அங்கே போய்க் குந்தியிருந்து பார்ப்பேன். சிவப்புப் பூசிக் காய வைத்த லொறியைப் போல அழகான ஒரு சாமான் உலகத்தில் இல்லை என்பது அப்போதைய என் முடிவு. ஆகவே மாமி வீட்டு ரெக்கோடரில் உம்மாவிடம் சிவப்பு லொறி கேட்டேன். பொம்மை கேட்கிற வயதில் லொறி கேட்கிறாளே என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் லொறி வந்தது, துவாயில் சுற்றி, கூடவே ஒரு கசெட்டும். "மகள், நீங்க கேட்ட சிவப்பு லொறி. கடையில புதுசா வாங்கின" என்று அதில் உம்மா சொன்னா. ஒழுங்கையே திரும்பி என்னைப் பார்த்தது. சந்தோஷத்தில் எனக்குப் புழுகம் தாங்கவில்லை.

அன்று வாப்பா லொறியை வாங்கி மூக்கருகே கொண்டு போனார். பிறகு ஒன்றும் சொல்லாமல் என்னிடமே தந்துவிட்டார். அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. சில்லு உருளவில்லை என்பது மட்டும்தான் என் பிரச்சினை. குலுக்கினால் உள்ளே ஏதோ அசைந்தது. திருத்தித் தாங்க என்று நாள் முழுக்க நச்சரித்தேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். மூன்று கிழமை அழுது அவரைக் கல்முனைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

மணிக்கூட்டுக்காரர் லொறியைக் கவிழ்த்தார். ஊசியொன்றால் சில்லுக்குப் பின்னால் சுரண்டினார். மணந்து பார்த்தார்.

"நானா, இது கொம்பனிப் பூச்சில்ல" என்றார் வாப்பாவிடம்.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். பூச்சு பொருத்துகளுக்கு மேலால் வழிந்து இறுகியிருந்தது. சில்லும் மட்காட்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தூரிகை எட்டாத மூலைகளில் அடியில் நீலம் தெரிந்தது. சிவப்பும் ஒரே சிவப்பில்லை. முன்பக்கம் ஒன்று, கதவுகள் ஒன்று, பின்பெட்டி வேறொன்று. மூன்று போத்தல் முடிந்திருக்கிறது, அதுவும் பெயின்ட் போத்தல் இல்லை, நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸ் என்றார்.

"எங்கட உம்மா கியூட்டெக்ஸ் பூசுறல்ல" என்று நான் சத்தம் போட்டேன். அதைப் பூசினால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்குக் கை கால் கழுவுகிற ஒழு கூடாது. உம்மாவைப் பார்த்து அப்படியொரு பேச்சா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வாப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடமாகப் பெயின்டில் கிடக்கிற மனிதர், அவருக்குத் தெரியாதா? முதல் நாளே மணத்திலேயே பிடித்திருக்கிறார். வேலை செய்கிற வீட்டுப் பெண் பூசி முடித்து எறிந்த போத்தல்களின் அடியை வழித்து உம்மா பூசியிருக்கிறா. லொறியும் அந்த வீட்டுப் பிள்ளை எறிந்த சாமான். நான் சிவப்பு என்று சொன்னதற்காகச் சிவப்பு.

"பிள்ளை, இது லொறியே இல்ல. இதுக்குள்ள ஒராள் மடங்கிக் கிடக்கான்" என்றார் மணிக்கூட்டுக்காரர். அலுமாரியைக் காட்டினார். இதுவும் அந்தச் சாதிதான், ஜப்பானில் செய்தது, பழைய உலோக வார்ப்பு, தன்னிடம் இல்லாதது. பூசியவருக்கு அது விரியும் என்று தெரிந்திருக்கவில்லை, எல்லாப் பொருத்தையும் பூசி அடைத்துவிட்டார் என்றார். வேறு ஆள் பூசிய சாமானை, இவற்றைச் சேர்க்கிறவன் எவனும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான், ஆனால் அடியிலிருக்கிற நீலம் சூளையில் சுட்ட பூச்சு, பெயின்ட் கரைக்கிற தின்னரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் இந்தச் சிவப்பு போகும், அது நிற்கும். நீலம் சுத்தமாக வெளியே வந்தால் லொறிக்குப் பதிலாக இதைத் தருகிறேன் என்று மேல் தட்டைக் காட்டினார். இரண்டு ஸ்பீக்கர் வைத்த புது ரெக்கோடர் ஒன்று அங்கே இருந்தது.

சாய்ந்தமருதிலிருந்த எங்கள் வீட்டுக்கு அதைத் தலையில் சுமந்துகொண்டே ஓடிப்போவேன் போலிருந்தது.

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். "கதவுக்கிட்டப் பூச்சுக்குள்ள ஒரு தலைமயிர் ஒட்டியிருக்கு" என்றார், ஒரு குறையை எழுதிக்கொள்வது போல.

அப்போதுதான் வாப்பா முதன்முதலாகக் கையை நீட்டிப் பூதக்கண்ணாடியை வாங்கினார். கராஜில் பூச்சுக்குள் ஒரு தூசு விழுந்தாலே கத்துகிறவர் அவர். மயிர் ஒட்டினால் கேட்கவே வேண்டாம், முழுக்கத் தேய்த்து முதலிலிருந்து பூச வைப்பார். அந்த மனிதர் அந்த ஒரு மயிரை அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து லொறியைச் சுற்றினார்.

"இது இப்படியே இரிக்கட்டும் அண்ணன்" என்றார்.

வழி முழுக்க நான் அழுதேன். மூன்று நாள் வாப்பாவோடு கதைக்கவில்லை. அவர் சமைத்ததைத் தின்றுகொண்டே கதைக்காமல் இருந்தேன், அவ்வளவு வீறாப்பு. மூன்றாம் நாள் அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பூச்சில மயிர் விழுந்திரிக்கெண்டா உங்கட உம்மா முக்காடு இல்லாம இரிந்திரிக்கா. கதவச் சாத்திட்டு, தனிய இரிந்து பூசியிரிக்கா. அந்த வீட்டில அவக்கு அப்படியொரு நேரம் கெடைச்சிரிக்கி மகள்."

அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. மயிர் கிடக்கட்டும், ரெக்கோடர் என்று மனசு அடித்தது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த கசெட் வந்தது. ஒழுங்கை கூடியது. எல்லோருக்கும் ஸலாம் சொல்லி முடித்தபின், அதே குரலில், இன்னும் இரண்டு வருடத்துக்கு நிற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன், வீட்டுக்குக் கூரை போட வேண்டும்தானே என்று உம்மா சொன்னா. மாமி எழும்பி ரெக்கோடரை நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், இந்த முறை வேறு மாதிரி. இரண்டு வருடம்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாவா? கூரையில்லாமல் நனைந்துகொண்டா கிடந்தோம்? ஓலைதான் என்றாலும் அது கூரை இல்லையா?

அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும் ஜாம் போத்தலில் வைத்திருந்த தின்னரை எடுத்தேன். பஞ்சு எடுத்தேன். எனக்கு ரெக்கோடர் வேண்டும், உம்மா வராவிட்டால் குரலாவது வேண்டும். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி கோபம். உம்மா பூசியதை நான் அழிக்க வேண்டும் போலிருந்தது.

பஞ்சு சிவந்துகொண்டே வந்தது. முன்பக்கம், கூரை, பின்பெட்டி, கதவு. கதவு நீலமாகி வந்த பிறகுதான் மயிர் நினைவுக்கு வந்தது. கதவில் இல்லை. பஞ்சில் தேடினேன். எல்லாப் பஞ்சும் ஒரே சிவப்பாகப் பிசுபிசுத்துக் கிடந்தன. தேடிய அவசரத்தில் தின்னர் வழிந்து முன்கண்ணாடி புகைபிடித்த மாதிரி மங்கிவிட்டது.

பொருத்துகள் விடுபட்டிருந்தன. இழுத்தேன். பின்பெட்டி இரண்டாகப் பிரிந்து கால்களானது. கதவுகள் கைகளாயின. உள்ளேயிருந்து ஒரு முகம் வந்தது. மடங்கிக் கிடந்த நெஞ்சுப் பகுதிக்குக் கியூட்டெக்ஸ் எட்டவில்லை. அங்கே ஆணியால் கிறுக்கிய அறபு எழுத்துகள் இருந்தன. ஓதப் போகிற பிள்ளை நான், எழுத்துக் கூட்டினேன். ஒரு பையனின் பெயர்.

வாப்பா வந்து நின்றார். பாயில் நின்ற ரோபோவைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார். ஏசினால் நானும் ஏசத் தயாராகத்தான் இருந்தேன். அவர் ஏசவில்லை. குந்தியிருந்து ஒவ்வொரு பஞ்சாகப் பிரித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக உருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு அடி அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் வாயைத் திறந்தார். உருவம் நிற்கிற இடத்தில் தொழ ஏலாது, மடக்கு என்றார். மடக்கினேன். இப்போது லேசாக மடங்கியது, சில்லும் நன்றாக உருண்டது, நீல லொறி. தொழுது முடித்து, தொப்பியைக் கழற்றாமலே, கல்முனைக்குப் போவோம் என்று எழும்பினார். இனி இதை வைத்திருந்து என்ன செய்ய என்று கேட்டார். அது என்னிடம் கேட்ட கேள்வியில்லை.

மணிக்கூட்டுக்காரர் அதே மாதிரிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், விளக்கைப் போட்டார். முன்கண்ணாடியில் கொஞ்சம் முகம் சுளித்தார். விரித்தபோது அவருடைய முகம் பெருநாள் போல ஆனது. நெஞ்சிலிருந்த எழுத்தைக் கண்டதும் இன்னும் குனிந்தார். அவருக்கு அறபு வாசிக்கத் தெரியாது. அறபு நாடுகளுக்கென்று தனியாக அடித்த முத்திரை, இது வெகு அபூர்வம் என்று தானே சொல்லிக்கொண்டு, மேல் தட்டிலிருந்த புது ரெக்கோடருக்குக் கையை நீட்டிவிட்டார். அந்தக் கை அதைத் தொட்டும்விட்டது.

"அண்ணன், அது கொம்பனி எழுத்தில்ல" என்றார் வாப்பா. "ஒரு பிள்ளைட பேரு. ஆணியால கிறுக்கியிரிக்கான்."

அந்த நிமிடம் வாப்பாவை நான் வெறுத்தேன். அவர் சொல்லாவிட்டால் பஸாரில் யாருக்குத் தெரியப்போகிறது? மணிக்கூட்டுக்காரர் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். பிறகு மேசைக்குக் கீழேயிருந்து பழைய ரெக்கோடர் ஒன்றை எடுத்துத் துடைத்துத் தந்தார். கசெட் போடுகிற வாய்க்கு மூடி இல்லை, ரப்பர் வளையம் போட்டிருந்தது. பொய் சொல்லி வாங்கிய சாமானில் அல்லாஹ்வின் பறக்கத் இருக்காது என்று வரும் வழியில் வாப்பா சொன்னார்.

மாமி வீட்டிலிருந்து கசெட்டுகளை வாங்கி வந்து தந்துவிட்டு அவர் முற்றத்துக்குப் போய்விட்டார். என் ஆசை அவருக்குத் தெரிந்திருந்தது. நான் கதவைச் சாத்தினேன். லொறியோடு வந்த கசெட்டைப் போட்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டினேன்.

மாமி வீட்டு இரைச்சலில் கேட்காததெல்லாம் கேட்டது. எங்கோ தண்ணீர் சொட்டியது. ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொல்ல முன் உம்மா ஒரு மூச்சு எடுத்தா. என்னுடைய முறை வந்தபோது அந்த மூச்சு நீளமாக இருந்தது. அந்த இடத்தில் தூரத்தில் ஒரு பிள்ளையின் குரல் கூப்பிட்டது. உம்மா வாயை அந்தப் பக்கம் திருப்பி அறபியில் ஏதோ சொன்னா. கடைசியில் ஒரு பெயர். ரோபோவின் நெஞ்சிலிருந்த அதே பெயர். அதை இழுத்து, முடிவில் கொஞ்சம் தூக்கிச் சொன்னா. கிணற்றடியில் என் தலையைத் துவட்டும்போது என்னைக் கூப்பிடுகிற மாதிரி.

அது என்னுடைய கூப்பிடுதல். இவ்வளவு காலமாக அதற்காகக் கிடந்து தவிப்பது நான். அதை எடுத்து யாரோ ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு ஸலாமா? நிறுத்துவதற்குப் பொத்தானில் விரலை வைத்தேன். அதற்குள் உம்மா திரும்பி வந்துவிட்டா. கேட்ட சிவப்பு லொறி, கடையில் புதிதாக வாங்கியது. மாமி வீட்டில் அதோடு எல்லோரும் எழும்பிவிடுவார்கள், மாமி நிறுத்திவிடுவார். எங்கள் வீட்டில் நிறுத்த ஆளில்லை, கசெட் ஓடியது. வெறும் இரைச்சல். பிறகு உம்மா வாயை மிகக் கிட்ட வைத்து, யாருக்கும் கேட்காமல் சொல்வது போல:

"சிவப்புத்தானே மகள் கேட்ட நீங்க?"

டக்கென்று கசெட் நின்றது.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அழுது முடிய வெறும் கசெட் ஒன்றைப் போட்டேன். வாப்பா வாசலில் வந்து நின்றதைக் கண்டும் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

"கெடைச்சிச்சி உம்மா. சிவப்புத்தான் கேட்ட. நல்ல சிவப்பா மினுங்குது. தலைமாட்டிலதான் வெச்சிரிக்கன்."

நிறுத்திவிட்டு வாப்பாவைப் பார்த்தேன். பறக்கத் இல்லை என்பார், அழி என்பார் என்று நினைத்தேன். அவர் வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினார். கசெட்டில் சுகம் விசாரித்து, சுகம் சொல்லி, அதற்குமேல் ஒரு சொல் கதைத்தறியாத மனிதர். தானாகவே பொத்தானை அழுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"ஓம். நான் பாத்தன். இருவது வருஷமா பெயின்ட் அடிக்கிறன், இப்படியொரு பூச்சு நான் பூசினதில்ல. ஒரு தூசி இல்ல, ஒரு மயிர் இல்ல. கெதியா வந்து நீயே பாரு."

நிறுத்தினார். பஞ்சு இருந்த சட்டைப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, மஃரிப் தொழுகைக்கு ஒழு எடுக்கக் கிணற்றடிக்குப் போனார்.